ரெக்கார்டரை அணைத்த பிறகு

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் அதற்குப் பிந்தைய மாதங்களை எப்படிக் கடக்கிறார்கள் என்பது என் தலைப்பு. முன்னோட்டமாக மூன்று பேரைப் பேட்டி எடுத்தேன். மூன்றாமவர் நன்றாகவே பேசினார். எல்லாம் முடிந்து ரெக்கார்டரை அணைத்துப் பையில் வைக்கும்போது, "போன வாரம்கூட அந்த நினைப்பு வந்துச்சு. நீங்க பொறுமையா கேக்குறீங்க, அதான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். நானும் "சரி" என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளாகத் தூக்கமில்லை. வழிகாட்டியிடம் கேட்டால், "பதிவில் இல்லாதது நம் தரவே இல்லை, வாக்கும் கொடுத்துவிட்டாய், விட்டுவிடு" என்கிறார். இதற்கிடையே நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடந்த 6 மாதங்களில் தற்கொலை எண்ணம் இருந்தவர்களைச் சேர்க்கக் கூடாதாம், நேரடிக் கேள்விகளையும் நீக்க வேண்டுமாம். அவர்களை விட்டுவிட்டு இந்த ஆய்வை யாரிடம் செய்வது? நான் கேட்டதுதான் அவருக்குள் அந்த நினைப்பைக் கிளறிவிட்டதா?

– ஓர் ஆய்வு மாணவி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இந்தப் பதிலின் முதல் பகுதியைத் தனியாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன். அது காத்திருக்கக்கூடிய விஷயமில்லை. இதே நிலையில் தவிக்கும் வேறு பலருக்கும் உதவும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு முழுவதையும் இங்கே எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று கடிதத்திலிருந்து சில விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவரைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே. ஒரு மனநல மருத்துவரையோ அனுபவமுள்ள ஆலோசகரையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு, தேவைப்பட்டால் உடனே கைகொடுக்கத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மருத்துவரோ ஆலோசகரோ கிடைக்கவில்லை என்பதற்காக இந்த அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். "அன்னிக்கு நீங்க கடைசியா சொன்னது மனசுலயே இருக்கு. இப்ப எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிக்கலாம். பிறகு சுற்றி வளைக்காமல் கேளுங்கள். இப்போதும் உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, இன்றிரவு தனியாகவா இருப்பார்? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரம் பிடிக்கும். அந்த மௌனம் தாங்காமல்தான் நாம் "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறோம். அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார்.

இன்றே ஆபத்து என்று தெரிந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் ஒரு ஆள் வந்து சேரும்வரை போனை வைக்காதீர்கள். இன்னொருவரைக் கொண்டு அவசர உதவியை வரவழையுங்கள். அந்த அளவு இல்லை, நினைப்பு வந்து போகிறது என்றால், உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. நினைப்பு வரப்போகிறது என்பதற்கு அவர் உடம்பும் மனமும் என்ன அறிகுறி காட்டுகின்றன, அப்போது எதைச் செய்தால் கொஞ்சம் தணிகிறது, யாரைக் கூப்பிட முடியும், ஆபத்தான பொருட்களை யார் கையில் ஒப்படைக்கலாம், எந்த மருத்துவரிடம் போகலாம் என்று அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பாதுகாப்புத் திட்டம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதை அந்த ஆலோசகரோடு சேர்ந்து செய்யுங்கள். பிறகு அவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு. எண்ணைக் கொடுத்துவிட்டு "போய்ப் பாருங்க" என்று சொன்னால் பலர் போவதில்லை. நேரம் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் கூடவே போங்கள், மறுநாள் ஒரு தடவை விசாரியுங்கள்.

சரி, நீங்கள் கொடுத்த வாக்கு? அதை ஒளிந்துகொண்டு மீறாதீர்கள். அவரிடமே சொல்லுங்கள்: "அன்னிக்கு யோசிக்காம சரின்னுட்டேன். உங்க உயிர் சம்பந்தப்பட்டதை நான் ஒருத்தி மட்டும் வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க, சேர்ந்தே சொல்லுவோம்." 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவர் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் மனதில் குறிப்பிட்ட ஒரு ஆள் இருப்பார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, வேலை பார்க்கும் இடத்தில் தெரியக் கூடாது, மறுபடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடக் கூடாது. அந்தப் பயம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், சொல்லக்கூடிய ஆட்கள் ஒன்றிரண்டு பேர் மிஞ்சுவார்கள். அவர் கடைசிவரை மறுத்து, ஆபத்தும் உடனடியாக இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டே மற்றவர்களிடம் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். அந்தக் கோபத்தோடு அவர் உயிரோடு இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரெக்கார்டர் ஓடியவரை சொல்லாததை, அது அணைந்ததும் சொன்னார். ஆய்வாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு மனுஷியிடம் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்லியிருக்கிறார். உங்கள் வழிகாட்டி தரவைப் பற்றிச் சொன்னது சரிதான், அந்த வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது. விட்டுவிடச் சொன்னது சரியில்லை. தரவின் எல்லை ரெக்கார்டரோடு முடிந்தாலும் உங்கள் கடமை அங்கே முடியவில்லை. இதை வழிகாட்டியிடம் மரியாதையோடு, எழுத்தில் தெரிவியுங்கள். நெறிமுறைக் குழுவுக்கும் நடந்ததைப் பெயரில்லாமல் அறிக்கையாகக் கொடுங்கள். மறைத்தால் பின்னால் உங்களுக்குத்தான் சங்கடம். அதைவிட, அடுத்து இதே இடத்துக்கு வரும் மாணவிக்கு உங்கள் அனுபவம் கிடைக்காமல் போய்விடும்.

அடுத்து, உங்களை அதிகம் அரிக்கும் கேள்வி. நீங்கள் கேட்டதால் அந்த நினைப்பு வரவில்லை. 'போன வாரம்' என்று அவரே சொல்கிறார், உங்கள் பேட்டிக்கு முன்பே வந்தது அது.

கேட்டால் விதைத்துவிடுவோம் என்ற பயம் மிகப் பழையது. நான் உட்கார்ந்திருக்கும் நெறிமுறைக் குழுவில் இந்த மாதிரி விண்ணப்பம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாகாணத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பாதியிடம் தற்கொலை பற்றிக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்தும் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. முன்பே முயன்றிருந்த மாணவர்களைப் பார்த்தால், கேட்கப்பட்ட பக்கத்தில் அந்த எண்ணம் குறைவாகவே இருந்தது. 2014-இல் இப்படிப்பட்ட 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், கேட்டதால் எண்ணம் கூடியதாக ஒன்றில்கூடத் தெரியவில்லை என்றே எழுதினார்கள். திருத்திய விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

ஆனால் இவை சராசரிகள். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் சராசரி இல்லை. பேசும்போது அழுகை வரும், கை நடுங்கும், அன்று இரவு தூக்கம் கெடலாம். வேதனைப்படுவது வேறு, ஆபத்துக்கு உள்ளாவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, யாராவது அழுதாலே ஆய்வு தப்பு என்று முடிவு கட்டக் கூடாது. அழுதவர்களில் பலர் போகும்போது, 'இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் அதற்கு அப்புறம் என்ன செய்தார் என்பதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன்.

ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கணக்கெடுப்பில் இருந்தேன். சர்க்கரை நோய் சிகிச்சைக்கு வருபவர்களிடம் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளைக் கொடுத்தோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் தோன்றியதா என்று கேட்கும். காத்திருக்கும் நேரத்தில் நிரப்பி, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். பெட்டியைப் பூட்டி அலமாரியில் வைத்தோம். ரகசியம் காக்கிறோமாம். மூன்று வாரம் கழித்துக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோது, ஒரு தாளில் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 3. 'கிட்டத்தட்ட தினமும்' என்று அர்த்தம். வட்டம் போட்டதோடு விடாமல், பேனாவை அழுத்தி அதன்மேலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது.

பதிவு எண்ணை வைத்துத் தேடி, கை நடுங்க போன் செய்தேன். எடுத்தார். நான் யார், எதற்காகப் பேசுகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "படிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் எங்களிடமிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பார்த்தாராம். பிறகு விட்டுவிட்டாராம். அவருக்குச் சிகிச்சை கிடைத்தது, நன்றாகவே மீண்டு வந்தார். ஆனால் அந்த மூன்று வாரத்துக்கு எங்களிடம் எந்தப் பதிலும் இல்லை. ஒப்புதல் படிவம் இருந்தது, குழுவின் அனுமதி இருந்தது, பூட்டும் இருந்தது. நிரப்பிய தாளை யார் எப்போது பார்ப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த விண்ணப்பம் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். பதில் வந்த எத்தனை நிமிடத்தில், யார் கண்ணில் படும், அவர் என்ன செய்வார்? பேட்டி என்றால் அந்த அறையிலேயே. தாள் என்றால் பங்கேற்பாளர் கிளம்பும் முன். கைபேசியில் தினமும் கேள்வி அனுப்பும் ஆய்வுகள் இப்போது பெருகிவிட்டன. தற்கொலை எண்ணம் சில மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பது தெரியவந்ததே அவற்றால்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் 'ஆம்' என்று தொட்டால் மறுமுனையில் யார் விழித்திருப்பார்கள்? ஆள் வைக்க முடியாது என்றால், 'இதை உடனுக்குடன் யாரும் பார்ப்பதில்லை' என்று ஆரம்பத்திலேயே புரியும்படி சொல்ல வேண்டும். அந்த நொடியில் கூப்பிடக்கூடிய உதவி எண் திரையிலேயே வர வேண்டும். யார் என்றே தெரியாத இணையக் கணக்கெடுப்புக்கும் இதேதான். இரண்டும் முடியாதென்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நேர்மை.

இப்போது குழுவின் நிபந்தனைக்கு வருகிறேன். 'எண்ணம் இருப்பவர்களைச் சேர்க்காதே' என்பது பாதுகாப்பாகத் தெரியும். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வின்போது ஒரு அசம்பாவிதம் நடந்தால் நிறுவனத்தின் பெயர் கெடாது, அவ்வளவுதான். அந்த மனிதர் ஆய்வுக்கு வெளியே அதே எண்ணத்தோடு இருப்பார், அவருக்கு எது உதவும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே இருக்கும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7,20,000 பேருக்கு மேல் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு பேரைக் கொல்லும் ஒன்றுக்கான மருந்தையும் சிகிச்சையையும், அது இல்லாதவர்களிடமே சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு நாம் கொடுத்த விலைக்கு ஒரு உதாரணம் உண்டு. மனச்சோர்வு மருந்துகளின் பரிசோதனைகளில் தற்கொலை ஆபத்து அதிகம் உள்ளவர்களை விலக்குவது நெடுங்கால வழக்கம். பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் அந்த மருந்துகளால் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 24 பரிசோதனைகளின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, திரும்ப வகைப்படுத்த வேண்டியிருந்தது. தற்கொலை எண்ணத்தை ஒழுங்காகக் கேட்டுப் பதிவு செய்யும் வகையில் அவை அமைக்கப்படவில்லை. அந்த எண்ணமோ செயலோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். இறப்பு ஒன்றும் இல்லை. 2004-இல் மருந்தோடு வரும் தகவல் குறிப்பில் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை வந்தது. ஆரம்பத்திலிருந்தே நேராகக் கேட்டிருந்தால், பெற்றோர்களும் மருத்துவர்களும் அந்தக் குழப்பத்தில் இருந்த காலம் குறைந்திருக்கும்.

சேர்த்துக்கொண்டு செய்தவர்களும் இருக்கிறார்கள். மனச்சிதைவு நோயோடு தற்கொலை ஆபத்தும் அதிகம் இருந்த 980 பேரைச் சேர்த்து, குளோசபின், ஓலான்சபின் என்ற இரண்டு மருந்துகளை இரண்டு வருடம் ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வந்தது. குளோசபின் எடுத்தவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் அவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனிப்புக் கிடைத்துவிடுமே என்று, மற்ற குழுவையும் அதே இடைவெளியில் வரவழைத்துப் பார்த்தார்கள். ஆபத்து என்று மருத்துவர் நினைத்தால் ஆய்வு விதியை ஓரமாக வைத்துவிட்டு வேண்டியதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே அனுமதி இருந்தது. உங்கள் குழுவுக்கு நான் காட்ட நினைப்பது இதைத்தான். ஆபத்துள்ளவர்களைச் சேர்ப்பதும், அவர்களைக் கைவிடாமல் இருப்பதும் ஒரே திட்டத்துக்குள் அடங்கும்.

நீங்கள் இப்போது செய்வது பேட்டிதான். ஆனாலும் என்றாவது ஒருநாள் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுக்குப் போவீர்கள், அதனால் ஒப்பீட்டுக் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வு நடத்தியது. 2008-இல் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு அந்த ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்ட குழுவில் 0.2 சதவீதம். ஒன்பது விசாரிப்புகள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும், உடனே அந்த 2.2 சதவீதமும் நினைவுக்கு வரும். 'வழக்கமான சிகிச்சை' என்பது பல இடங்களில் வயிற்றைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்புவதுதான். அந்த ஆய்வு நடக்காவிட்டால் அவர்களுக்கு அவ்வளவுதான் கிடைத்திருக்கும், ஆய்வு நடந்ததால்தான் விசாரிப்பின் பலன் உலகத்துக்குத் தெரிந்தது. அன்று அதைச் செய்தது நியாயம் என்று நினைக்கிறேன். இன்று, தெரிந்த பிறகு, ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவரை ஒரு போன்கூடச் செய்யாமல் விடுவது நியாயம் இல்லை. எல்லோருக்கும் பாதுகாப்புத் திட்டமும் தொடர்பும் கொடுத்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் குறையும், முடிவு மங்கலாக வரும் என்று புள்ளியியலாளர்கள் சொல்வார்கள். வரட்டும். அதிகம் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிக நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதலைப் பற்றி. சாக நினைப்பவரால் சுயமாகச் சம்மதம் தர முடியாது என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். அந்த எண்ணம் வந்ததாலேயே புரிந்துகொள்ளும் சக்தி போய்விடுவதில்லை. ஆனால் முயற்சி நடந்த மறுநாள், மருந்து மயக்கத்தில், கட்டில் அருகே வீட்டார் நிற்கும்போது நீட்டப்படும் தாளில் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சிகிச்சை தரும் மருத்துவரே கேட்டால் மறுக்கத் துணிச்சல் வராது, எனவே கேட்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். 'இதில் சேர்ந்தால் குணமாகிவிடும்' என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தத் தவறான நம்பிக்கையில் வாங்கும் சம்மதமும் சம்மதம் ஆகாது. படிவத்தை வாசித்து முடித்ததும், "இப்ப நாம என்ன செய்யப்போறோம், நான் எப்போ மத்தவங்ககிட்ட சொல்லுவேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். தலையாட்டுவதை நம்பாதீர்கள். நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, 'தொடரலாமா' என்று மறுபடி கேளுங்கள். பாதியில் எழுந்து போனாலும் பயணச் செலவும் நேரத்துக்கான தொகையும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பணத்துக்காகக் கடைசிவரை உட்கார்ந்து வேதனைப்படக் கூடாது.

ஒரு சிக்கலான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2005-இல் வெளியான ஒரு ஆய்வில், தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு மருத்துவமனைக்கு வந்த 772 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒரு வருடத்தில் நலம் விசாரிக்கும் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பினார்கள். மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வந்த தடவைகள் அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் யாருக்கு அட்டை என்று பிரித்து முடித்த பிறகே அட்டை பெறுபவர்களிடம் சம்மதம் கேட்டார்கள். மற்றவர்களுக்கு, தாங்கள் ஒப்பிடப்படுகிறோம் என்பதே தெரியாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு அட்டை வராமல் இருந்தால் 'இதிலும் என்னை விட்டுவிட்டார்கள்' என்று தோன்றும் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அந்தக் கரிசனம் எனக்குப் புரிகிறது. இருந்தும், நான் குழுவில் இருந்தால் இன்று அதற்குச் சம்மதிக்கத் தயங்குவேன்.

தற்கொலை ஆபத்தை அளக்கும் மதிப்பெண் அட்டைகளை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 50 ஆண்டுகளின் 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. யார் தற்கொலைக்கு முயல்வார் என்று நாம் கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அது காட்டியது. 'ஆபத்து குறைவு' என்று வந்தவரிடமும் கிளம்பும் முன், "இன்னிக்கு ராத்திரி எப்படிப் போகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். முயன்ற விதத்தை விவரிக்காதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். தொழில், வயது, எத்தனை பிள்ளைகள், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சொல், இவை நான்கும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தற்கொலை முயற்சியைச் சட்டம் குற்றமாகவே பார்க்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே இந்தக் கவனக்குறைவு ஒருவரைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 'முயற்சி தோல்வியடைந்தது' என்று எழுதாதீர்கள், பிழைத்தார் என்று எழுதுங்கள். தற்கொலை என்ற சொல்லுக்குள்ளேயே கொலை உட்கார்ந்திருக்கிறது, அதை நம்மால் உடனே மாற்ற முடியாது. பக்கத்தில் வரும் வினைச்சொல்லையாவது பார்த்துப் போடலாம். நான் 'தற்கொலையால் இறந்தார்' என்றே எழுதுகிறேன்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு நாள் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள், அது உங்கள் பலவீனம் இல்லை. ஆய்வைத் திட்டமிட்டவர்கள் விட்ட ஓட்டை. ஒரு நாளைக்கு ஒரு பேட்டிக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் முடிந்த அன்றே, உங்கள் மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஒரு மூத்த ஆலோசகரிடம் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பதிவைக் கேட்டு எழுதிக் கொடுப்பவரையும் மறந்துவிடாதீர்கள், அந்தக் குரல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் அவர்தான். எல்லாம் சரியாகச் செய்தும் ஆய்வில் இருந்த ஒருவர் இறந்துபோகலாம். அப்படி நேர்ந்தால் குடும்பத்திடம் யார் பேசுவது, உங்களுக்கு யார் துணை என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

குழுவுக்கு எழுதும் பதிலில் வாதாட வேண்டியதில்லை. அவர்கள் நேராகக் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை கொடுங்கள். பேட்டி நடக்கும் நேரத்தில் கூப்பிட்டால் வரும் மருத்துவர் யார், முடிந்ததும் பங்கேற்பாளரின் மனநிலையை எப்படிப் பார்ப்பீர்கள், மறுநாள் யார் போன் செய்வார், எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட அவர் முன்பே அனுமதி தந்திருக்கிறார். கடைசியாகச் சொன்னதை மறக்கவே மறக்காதீர்கள். நம்பகமான ஒருவரின் எண்ணைப் பேட்டிக்கு முன்பே வாங்கி வைத்திருந்தால், இந்த நான்கு நாளில் பாதித் தவிப்பு உங்களுக்கு இருந்திருக்காது. இதெல்லாம் இருக்கும்போது 'நேரடிக் கேள்வி வேண்டாம்' என்று சொல்லக் காரணம் குறைந்துவிடும். நேரடியாகக் கேட்காவிட்டால் யாருக்கு ஆபத்து என்று உங்களுக்கே தெரியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தில், 'நீங்கள் சொல்வது அனைத்தும் ரகசியமாக வைக்கப்படும்' என்று இருக்கிறது, இல்லையா? அதை எடுத்துவிடுங்கள். நான் போடும் வரி இது: 'நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு யாரிடமும் பகிரமாட்டேன். உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும், முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். ரெக்கார்டர் ஓடாதபோது சொன்னாலும் இப்படித்தான்.'

அந்த மூன்றாமவர் கொஞ்சம் தேறி, சிகிச்சையில் இருக்கும்போது, அவருக்கும் விருப்பமிருந்தால், இந்த வரியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் அன்று அவர் சொல்லியிருப்பாரா, மாட்டாரா, எப்படிச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். அவர் திருத்தித் தரும் வார்த்தைகளைப் படிவத்தில் போடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நான் இருக்கும் குழுவில் காட்டுகிறேன்.

(இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படியொரு நினைப்பு வந்துபோகிறது என்றால், இன்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 'பெரிய விஷயமில்லை' என்று தோன்றினாலும் கூப்பிடலாம்.)